6 மீட்டர் வேலிக்கு எந்தக் கலப்பின பெர்ரி? முள்ளில்லாச் செடியில் முள் தண்டு வருவது ஏன்?

கொடிப்பந்தல்:

வணக்கம். வலைக்கம்பி வேலி 6 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் நேர் வெயில். வேலியின் ஒரு முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி முள்ளில்லா லோகன்பெர்ரி (பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் கலந்த கொடி) ஒன்று மூன்றாம் ஆண்டாக நிற்கிறது. மீதி இடத்தில் பாய்சன்பெர்ரி, டேபெர்ரி, ஜோஸ்டாபெர்ரி மூன்றையும் வைக்கலாமா என்று யோசனை. குளிர்காலத்தில் உறைபனி உண்டு, ஆனால் கடுமையாக இருக்காது. மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 7.3.

கேட்க வேண்டியவை சில. லோகன்பெர்ரியின் பழைய கொடியும் புதுக் கொடியும் வேலி வலைக்குள் பின்னிக் கிடக்கின்றன. எதை எப்போது வெட்டுவது? தாய்ச்செடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி மண்ணிலிருந்து இரண்டு தண்டுகள் முளைத்திருக்கின்றன, இரண்டிலும் அடி முதல் நுனி வரை முள். செடியோ முள்ளில்லாதது. விழுந்த பழத்தின் விதை முளைத்ததா? கடைசியாக, புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுப்பகுதி வெளிறி வருகின்றன. எரு போதவில்லையா?

கவாத்துக்கத்தி:

முதலில் இடக் கணக்கு. வேலிக்கு மொத்தம் இரண்டு செடிதான், மூன்று நான்கு அல்ல. பாய்சன்பெர்ரிக் கொடி ஒரே பருவத்தில் 2.5 முதல் 3 மீட்டர் வரை ஓடும், லோகன்பெர்ரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். செடிக்குச் செடி 3 மீட்டருக்குக் குறைந்தால் இரண்டாம் ஆண்டிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். காற்று புகாது, பூஞ்சை வரும், எந்தக் கொடி எந்தச் செடியுடையது என்றே தெரியாது. உங்களுக்கு இரண்டாவது செடியின் இடம், முதல் செடியிலிருந்து 3.3 மீட்டர் தள்ளி. அவ்வளவுதான்.

எதை வைப்பது? லோகன்பெர்ரி ஏற்கெனவே இருக்கிறது. அது புளிப்புப் பழம், ஜாமுக்கும் வேகவைக்கும் பண்டங்களுக்கும் நல்லது. பறித்தவுடன் வாயில் போட வேண்டுமென்றால் டேபெர்ரி அல்லது பாய்சன்பெர்ரி. டேபெர்ரி ஸ்காட்லாந்தில் உருவாக்கி 1979-இல் வெளியிட்டது. பழம் நீளம், மணம் அதிகம், ஆனால் தண்டு முழுக்க முள். முள் வேண்டாமென்றால் 'பக்கிங்ஹாம்' என்ற முள்ளில்லா டேபெர்ரி இருக்கிறது. பாய்சன்பெர்ரிப் பழம் பெரியது, சாறு கூடுதல், தோல் மெல்லியது; பறித்த அன்றே தின்ன வேண்டும், அடுத்த நாள் கசியும். 1.8 மீட்டர் வேலிக்கு நான் டேபெர்ரியைத்தான் சொல்வேன். அதன் கொடி கொஞ்சம் அடங்கி வளரும்.

ஜோஸ்டாபெர்ரி இந்த வரிசையிலேயே சேராது. பெயர்தான் பெர்ரி. பிளாக்கரண்டும் கூஸ்பெர்ரியும் கலந்த புதர் அது, கொடி அல்ல. வேலியும் கம்பியும் அதற்கு வேண்டாம், சுற்றி 1.8 மீட்டர் இடம் வேண்டும். தோட்டத்தில் வேறு மூலை இருந்தால் அங்கே வையுங்கள்.

இப்போது வெட்டும் விஷயம். இந்தக் கலப்பினங்களில் வேர் பல ஆண்டு வாழும், கொடிக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு அடியிலிருந்து எழும்பி நீளும், இலை மட்டும். இரண்டாம் ஆண்டு அதே கொடியின் கணுக்களிலிருந்து குட்டைக் கிளைகள் விட்டு, அவற்றின் நுனியில் பூத்துக் காய்க்கும். காய்த்து முடிந்ததும் அந்தக் கொடி அடியோடு காய்ந்துவிடும். ஆகவே விதி ஒன்றுதான்: காய்த்ததை வெட்டு, காய்க்காததை வை. "பழம் வரவே இல்லை" என்று வருகிற புகார்களில் பாதி, குளிர்காலத்தில் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிடுவதால் வருவது. அடுத்த ஆண்டின் பழம் முழுவதும் அந்தக் கொடிகளில்தான் இருக்கிறது.

அடையாளம் காண்பது சுலபம். இந்த ஆண்டுக் கொடி பச்சையாகவோ வெயில் பட்ட பக்கம் செம்மையாகவோ, வழவழப்பாக, வளைத்தால் வளையும். பக்கக் கிளை இருக்காது அல்லது மிகக் குறைவு. போன ஆண்டுக் கொடி பழுப்பேறி, பட்டை லேசாக உரிந்து, கணுவுக்குக் கணு பழக்காம்பு ஒட்டிய குட்டைக் கிளையோடு இருக்கும். கடைசிப் பழம் பறித்த இரண்டு வாரத்துக்குள் வெட்டிவிடுங்கள். இலை உதிர்ந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே நிறமாகத் தோன்றிக் குழப்பும். மண்மட்டத்தில், குச்சி மிச்சம் வைக்காமல் வெட்ட வேண்டும். 5 செ.மீ. குச்சியை விட்டால் அதில்தான் அழுகல் தொடங்கும்.

வலைக்குள் கொடியை நுழைப்பதை இத்தோடு நிறுத்துங்கள். 3 மீட்டர் முள் கொடியை வலைக்கண்களிலிருந்து உருவி எடுக்க யாராலும் முடியாது. துண்டு துண்டாக வெட்டும்போது பக்கத்தில் இருக்கும் புதுக் கொடியும் அறுபடும். வேலித் தூண்களில் மரச்சட்டம் வைத்து, வலையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. முன்தள்ளி நான்கு கம்பி இழுங்கள்: 60, 100, 140, 180 செ.மீ. உயரத்தில். 2.5 மி.மீ. துத்தநாகப் பூச்சுக் கம்பி போதும். மேல்கம்பி தளர்ந்தால் மழையில் எல்லாம் தரையில் கிடக்கும், ஆகவே ஒரு முனையில் கம்பியை இறுக்கும் முறுக்காணி வையுங்கள்.

காய்க்கும் கொடிகளைக் கீழ் மூன்று கம்பிகளில் இருபுறமும் விசிறிபோல் விரித்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு சாண் இடைவெளி விடுங்கள். புதுக் கொடிகள் அந்த இடைவெளி வழியாக நேராக ஏறி மேல்கம்பியில் படுக்கட்டும். குளிர்காலம் முடியும் தறுவாயில், மொட்டு வீங்குவதற்கு முன், மேலே படுத்ததைப் பிரித்துக் கீழே விரித்துக் கட்டினால் வேலை முடிந்தது. செடிக்கு 8 கொடி, நல்ல வளமான மண்ணானால் 10. மீதியில் மெலிந்தவற்றை அடியோடு எடுத்துவிடலாம். கட்டுவதற்குச் சணல் நூல், எட்டு வடிவ முடிச்சு. பிளாஸ்டிக் கட்டு கொடி பருக்கும்போது அறுத்துவிடும்.

பதியன்:

முள் தண்டு பற்றி. விதை அல்ல, அது உங்கள் செடியின் வேரிலிருந்துதான் வருகிறது. சுற்றி மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள், விரல் பருமனில் கிடையாக ஓடும் வேரில் அந்தத் தண்டு உட்கார்ந்திருப்பது தெரியும்.

பழைய முள்ளில்லா லோகன்பெர்ரி, முள்ளில்லா பாய்சன்பெர்ரி இரண்டும் இயற்கையில் திடீரென மாறிய ஒரு கிளையிலிருந்து பெருக்கியவை. அந்த மாற்றம் செடியின் மேல்தோல் அடுக்கில் மட்டும் நடந்திருக்கிறது. முள் என்பது தோலிலிருந்து எழும் பகுதி என்பதால் தோல் மாறினால் போதும், முள் மறைந்துவிடும். உள்ளே இருக்கும் திசு பழைய முள் செடியாகவே இருக்கிறது. வேரிலிருந்து எழும் மொட்டு உள்திசுவில் பிறப்பது; அதனால் அதில் முள் திரும்பி வருகிறது. பழம் என்னவோ லோகன்பெர்ரிதான். ஆனால் அந்த முள் தண்டு வீரியம் மிக்கது, விட்டால் முள்ளில்லாத பக்கத்தை அமுக்கிவிடும்.

அந்த முள் தண்டை மண்மட்டத்தில் வெட்டாதீர்கள், ஒன்றுக்கு மூன்றாக வரும். வேர்வரை தோண்டி, தண்டை அதன் அடிக்குமிழோடு கிழித்து எடுங்கள். வேர் காயப்பட்டால்தான் இந்த மொட்டுகள் விழிக்கும்; ஆகவே செடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் மண்வெட்டி போடக் கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள், அல்லது 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாத களைக்கொத்து. 6 முதல் 8 செ.மீ. மூடாக்கு (வைக்கோல், சருகு போன்றவை) போட்டால் களையே குறையும். தண்டின் அடியைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டுப் போடுங்கள்.

எல்லா முள்ளில்லா வகையும் இப்படி அல்ல. 'லாக் நெஸ்' பிளாக்பெர்ரியில் முள்ளின்மை மரபணுவிலேயே இருக்கிறது, வேரிலிருந்து வந்தாலும் முள் வராது. லோகன்பெர்ரியிலேயே 'லிங்கன் லோகன்' என்பது திசு வளர்ப்பு மூலம் முழுச் செடியும் முள்ளில்லாமல் எடுத்தது. புதிதாக வாங்கும்போது வகையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், "முள்ளில்லாதது" என்ற அட்டை மட்டும் போதாது.

இதிலிருந்தே இன்னொன்று: உங்கள் செடியைப் பெருக்க வேர்த்துண்டு வைக்காதீர்கள், முள் செடிதான் கிடைக்கும். விதையும் வேண்டாம். லோகன்பெர்ரிக்கு 42 குரோமோசோம், பாய்சன்பெர்ரிக்கு 49. பல இனம் கலந்த இந்தச் செடிகளின் விதை தாயைப் போல வராது. நுனிப் பதியன்தான் வழி. கோடை முடியும்போது புதுக் கொடியின் நுனியைக் கவனியுங்கள். இலை சிறுத்து, பின்னோக்கி மடங்கி, நுனி மட்டும் எலிவால்போல் வெறுமையாக நீளும். அந்த நிலையில் 10 முதல் 15 செ.மீ. ஆழக் குழியில் நுனியைத் தலைகீழாக இறக்கி, மண் போட்டு மிதித்து, ஒரு கல்லை வையுங்கள். எலிவால் வருவதற்கு முன் புதைத்தால் நுனி மறுபடி மேலே எழுந்து வளர்ந்துகொண்டே போகும், வேர் விடாது. ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். ஆனால் அடுத்த வசந்தம் வரை அப்படியே விட்டு, பிறகு 20 செ.மீ. கொடியைப் பிடிமானமாக வைத்து வெட்டி எடுத்து நடலாம்.

உரக்குழி:

இலை வெளிறுவது எருக்குறைவு இல்லைங்க. புது இலை, நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், பி.எச். 7.3-இல் வேரால் எடுக்க முடியாது. இந்தச் செடிகளுக்கு 5.5 முதல் 6.5 வரை பிடிக்கும். இதே மஞ்சள் பழைய இலையில் முதலில் வந்திருந்தால் மக்னீசியம் என்று சொல்லியிருப்பேன்.

முதலில் ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்க. நுரைத்தால் சுண்ணாம்பு மண், கந்தகம் போட்டு மாற்ற நினைப்பது வீண். இரும்புக் கீலேட் (வேர் எடுக்கும் வடிவில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் உரம்) வாங்குங்க. அதிலும் இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பதுதான் சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்யும். நுரைக்கவில்லை என்றால் கந்தகத் தூள், மணல் பாங்கான மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 50 கிராம், களி மண்ணுக்கு 100. மேலாகத் தூவிக் கிளறாமல் மூடாக்குக்குக் கீழே விடுங்க. கந்தகத்தை அமிலமாக்குவது மண் பாக்டீரியா. குளிர்ந்த மண்ணில் அது தூங்கும், மாதக்கணக்கில் ஆகும். ஒரே தடவையில் கூடுதலாகக் கொட்டினால் வேர் கருகும்.

உரம் வசந்தத் தொடக்கத்தில் ஒருமுறை: 10-10-10 கலவை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) செடிக்கு 100 கிராம், அடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி வட்டமாக. தொழு உரம் நன்றாக மட்கியதாக ஒரு கூடை. கோடைப் பாதிக்கு மேல் தழைச்சத்து வேண்டாம். கொடி இளசாகவே நின்று முதல் உறைபனியில் நுனி கருகும். தண்ணீர் வாரம் 25 மி.மீ. மழைக்குச் சமமாக, அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். காய் பருக்கும் மூன்று நான்கு வாரம் இதில் குறை வைத்தால் பழம் விதைமூட்டையாகிவிடும்.

கவாத்தில் ஒன்று சேர்க்கிறேன். புதுக் கொடி இடுப்பளவு வந்ததும் நுனி கிள்ளினால் பக்கக் கிளை விட்டுக் காய்ப்பு கூடும்.

கவாத்துக்கத்தி:

உரக்குழி, மண் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நுனி கிள்ளுவது மட்டும் இங்கே பொருந்தாது. அது தானாக நிமிர்ந்து நிற்கும் பிளாக்பெர்ரிக்கு. தரையில் படரும் இனத்திலிருந்து வந்த லோகன், பாய்சன், டே மூன்றுக்கும் நீளமான ஒற்றைக் கொடிதான் பலம். கிள்ளினால் மெல்லிய பக்கக் கிளை கத்தையாகக் கிளம்பும், விசிறி கட்டவே முடியாது. பதியன் சொன்ன எலிவால் நுனியும் கிடைக்காது, பதியன் போடுவதும் போச்சு. குளிர்கால முடிவில் கொடி கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டலாம். பக்கக் கிளை இருந்தால் 30 செ.மீ.க்குக் குறைக்கலாம்.

கொடிப்பந்தல்:

நன்றி. வினிகரில் நுரைக்கவில்லை, கந்தகம் போடுகிறேன். முள் தண்டு சொன்னபடியே வேரில்தான் இருந்தது. ஒரு சந்தேகம் மிச்சம். பழத்தில் சில மணிகள் மட்டும் பருத்து, மற்றவை சிறுத்து, கையில் எடுத்தால் உதிர்கின்றன. சில பழங்களில் காம்புப் பக்கம் மட்டும் காய்ந்து பழுப்பாக இருக்கிறது. இரண்டும் ஒரே நோயா? பழம் எப்போது பறிப்பது என்றும் சொல்லுங்கள்; சிவந்ததும் பறித்தால் பல் கூசுகிறது.

இலைப்புள்ளி:

இரண்டும் வேறு வேறு.

உதிரும் பழம்: ஒரு பழத்தில் உள்ள ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மகரந்தம் ஏற்றுப் பருக்க வேண்டியது. தன் மகரந்தமே போதும், இரண்டாவது செடி தேவையில்லை. ஆனால் தேனீ வந்து பூவைச் சுற்றி நடந்தால்தான் எல்லா மணிக்கும் சேரும். பூத்த வாரத்தில் மழையோ குளிரோ இருந்தால் அந்த வாரப் பழம் மட்டும் இப்படி இருக்கும், பின்னால் வருபவை சரியாகிவிடும். அப்படியானால் கவலை இல்லை. செடி முழுக்க, முதல் பழம் முதல் கடைசி வரை, இரண்டு ஆண்டு தொடர்ந்து உதிர்ந்தால் வைரஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கிடையாது, செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்தி, புதுச் செடியை வேறு இடத்தில் வைக்க வேண்டும். அந்தச் செடியிலிருந்து பதியனும் எடுக்காதீர்கள். ஆகவே பதியன் போடும் முன் அடுத்த பருவப் பழத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

காம்புப் பக்கம் காய்ந்தது: அந்தப் பழத்தைப் பிய்த்து நடுத்தண்டைப் பாருங்கள். 6 முதல் 8 மி.மீ. நீளத்தில் மஞ்சள் கலந்த பழுப்புப் புழு இருந்தால் ராஸ்பெர்ரி வண்டின் புழு. வண்டு பூவில் முட்டை இடும், புழு முதலில் காம்புப் பக்கத்து மணிகளைத் தின்று உள்ளே போகும், பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பூக்கும்போது மருந்து அடித்தால் தேனீயும் சாகும், உதிரும் பழம் இன்னும் கூடும். குளிர்காலத்தில் மூடாக்கை விலக்கி மேல்மண்ணை லேசாக, 2 அல்லது 3 செ.மீ. மட்டும், கையால் கிளறிவிடுங்கள், பறவைகள் பொறுக்கும். கெட்ட பழத்தைச் செடியடியில் போடாதீர்கள்.

புழு வெள்ளையாக, 3 மி.மீ. அளவில், பழம் மொத்தமும் கொழகொழவென்று இருந்தால் அது வேறு: புள்ளிச்சிறகுப் பழ ஈ. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்துக்குத்தான் வரும், இது நல்ல பழத்தையே அறுத்து முட்டை வைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்புக் கரைத்துப் பழத்தைக் கால் மணி நேரம் போட்டால் புழு வெளியே வரும், தெரிந்துகொள்ளலாம். தடுக்க வழி: இரண்டு நாளுக்கு ஒருமுறை பழுத்த அனைத்தையும் பறிப்பது, உடனே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, காய் நிறம் மாறும் முன் 1 மி.மீ.க்குக் குறைந்த கண் உள்ள வலை போடுவது. பூ முடிவதற்குள் வலை போட்டால் தேனீ வராது, மறக்காதீர்கள்.

பறிக்கும் பதம்: லோகன்பெர்ரி சிவந்தால் பழுத்ததாக அர்த்தம் இல்லை. பளபளப்பு மங்கி, அடர் சிவப்பு ஊதாப் பக்கம் போகும். இரு விரலால் தொட்டு லேசாகச் சாய்த்தால் காம்பு விட்டு வரும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள். ராஸ்பெர்ரிபோல் நடுத்தண்டு செடியிலேயே நிற்காது, பழத்தோடு சேர்ந்து வரும். உள்ளே வெள்ளையாக இருப்பது அதுதான், காய் என்று நினைக்க வேண்டாம். பறித்த பிறகு இனிப்பு ஏறாது.

டேபெர்ரி வைக்கும்போது ஒன்று பாருங்கள்: அந்த இடத்தில் கடந்த மூன்று நான்கு ஆண்டில் தக்காளி, கத்தரி, உருளை இருந்ததா? இருந்தால் மண்ணில் வாடல் பூஞ்சை தங்கியிருக்கலாம், வேறு இடம் நல்லது. நாற்றின் அடியிலோ வேரிலோ கரணை போன்ற முடிச்சு இருந்தால் வாங்காதீர்கள்; அது கழலை நோய் பாக்டீரியா, மண்ணில் பல ஆண்டு நிற்கும்.

பதியன்:

நடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வேர் மட்டும் உள்ள நாற்றாக வந்தால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, செடி உறக்கத்தில் இருக்கும்போதே நடுங்கள். குழி அகலம் 50 செ.மீ., ஆழம் 30. நாற்றங்காலில் இருந்த மண் கோட்டைத் தாண்டி ஆழமாகப் புதைத்தால் அடி அழுகும். குழியில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்தில் வடியவில்லை என்றால் 25 செ.மீ. மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். நட்டதும் தண்டை 25 செ.மீ.க்கு வெட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனால் வேர் பிடிக்கும் முன் மேலே இலையைத் தாங்க வைத்தால் இரண்டும் மெலியும். முதல் ஆண்டு பழம் கிடைக்காது, இரண்டாம் ஆண்டு கொஞ்சம், மூன்றாம் ஆண்டுதான் முழுக் காய்ப்பு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: குளிர்காலமே இல்லாத வெப்பப் பகுதியில் இவை இலையும் கொடியுமாக நன்றாக வளரும், பூ மட்டும் வராது. மொட்டு விழிக்க 7 டிகிரிக்குக் கீழே சில நூறு மணி நேரம் தேவை. எதிர்ப்பக்கமாக, -10 டிகிரிக்குக் கீழே அடிக்கடி இறங்கும் இடங்களில் புதுக் கொடியைக் கம்பியில் ஏற்றாமல் இலையுதிர் காலத்தில் தரையில் படுக்கவிட்டு, வைக்கோல் மூடி, வசந்தத்தில் எடுத்துக் கட்ட வேண்டும்.

கொடிப்பந்தல்:

காய்ந்த பழத்தில் பழுப்புப் புழுதான் இருந்தது. ஜோஸ்டாபெர்ரியை வீட்டின் பின்மூலைக்கு மாற்றுகிறேன். அதற்கும் இதே கவாத்துதானா?

கவாத்துக்கத்தி:

இல்லை, நேர்மாறு. அதன் கிளை பல ஆண்டு காய்க்கும், போன ஆண்டு வளர்ச்சியிலும் அதைவிடப் பழைய கிளையின் குறுங்கிளைகளிலும். காய்த்ததை வெட்டும் விதியை அங்கே கொண்டுபோனால் புதரையே காலி பண்ணிவிடுவீர்கள். முதல் மூன்று ஆண்டு குறுக்கே போவதையும் ஒடிந்ததையும் தவிர எதையும் தொடாதீர்கள். நான்காம் ஆண்டிலிருந்து, குளிர்காலத்தில், கருத்துத் தடித்த பழைய கிளைகளில் ஐந்தில் ஒரு பங்கை அடியோடு எடுத்தால் போதும்.